கமுக்கத்தின் அரைவாழ்வு

ஒரு செய்தியைச் சிலர் அறிந்திருக்க, ஏனையோர் அறியாதிருக்க, அறிந்தவர்கள் அவ்வேறுபாட்டை முயன்று காத்துவருவார்களாயின் அச்செய்தி கமுக்கம் எனப்படும். எவருமே அறியாதது கமுக்கம் ஆகாது; அது இன்னும் கண்டறியப்படாதது. எல்லோரும் அறிந்தும் வாய்திறவாதிருப்பதும் கமுக்கம் ஆகாது. அது அடக்கமோ அச்சமோ ஆகும். ஆகவே கமுக்கத்துக்கு அறிவோர் தொகை, காக்கும் முயற்சி, காக்கவேண்டிய காலம் என்னும் மூன்று அளவுகள் உண்டு. முதலதும் மூன்றாவதும் எளிதில் எண்ணத்தக்கவை. நடுவில் நிற்பதும் ஓரளவு அளக்கத்தக்கதே. அளக்கத்தக்க எதற்கும் ஓர் அறிவியல் உண்டாதலால், மறைத்தலுக்கும் மறைத்தது வெளிப்படுதலுக்கும் ஓர் அறிவியல் இருத்தல் வேண்டும். அதன் முதன்மைக் கூறுகளைத் தமிழில் வரைந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலத்தை அளவுகோலாகக் கொண்டால் கமுக்கம் இருவகைப்படும். ஒன்று, என்றும் வெளிவரலாகாது என்று காக்கப்படுவது; வழிவழியாக வரும் மருந்துக் கலவையின் பக்குவமும் படைத்துறையின் குறிமொழியும் இவ்வகையின. மற்றொன்று, குறித்த ஒரு நாளில் காப்பவராலேயே உலகறியச் செய்யப்படுவதற்கென்று காக்கப்படுவது; இதனை வெளியீட்டுக் கமுக்கம் என்போம். நுட்பியல் குழுமம் ஒன்று புதிய திறன்பேசியையோ மகிழுந்தையோ உருவாக்கும்போது ஓரிரண்டு ஆண்டுகள் அதன் நிழலைக்கூட வெளியில் விடுவதில்லை; பின்னர் ஒரே நாளில், பெரும்பொருள் செலவிட்டு, அதனை அறியாதவர் எவரும் இருக்கலாகாது என்று முரசறைகிறது. குறித்த நாளுக்கு முன் அது வெளிப்படுவதை முன்கசிவு என்போம். வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இதனை ஓரிடத்தில் தொடுகிறார்: செய்யும் வினை முடிவில்தான் வெளிப்படவேண்டும், இடையில் வெளிப்படின் தீராத் துன்பம் தரும் என்பது அங்கே அவர் கருத்து. அவருக்குக் கோயில் எடுத்த மயிலாப்பூரிலிருந்து கிழக்கே நடந்தால் நொச்சிக்குப்பத்துக் கடற்கரை வரும். அக்கரைக்கு இக்கட்டுரையில் ஒரு வேலை இருக்கிறது. அதற்குமுன் திருவண்ணாமலைக்குச் செல்லவேண்டும்.

இடையில் வெளிப்பட்டதால் விளையும் துன்பத்துக்கு உலகக் கணினி வணிகம் ஒருவர் பெயரையே சூட்டியிருக்கிறது. அவர் ஆடம் ஆஸ்பார்ன். 1939 இல் பாங்காக்கில் பிறந்த அவருடைய இளமை நம் திருவண்ணாமலையில் கழிந்தது. தந்தை ஆர்தர் ஆஸ்பார்ன் ரமணரின் அடியவர், அவரைப்பற்றி நூல்கள் எழுதியவர். மகன் இங்கிலாந்து சென்று கற்று, அமெரிக்கா சென்று வேதிப்பொறியியலில் முனைவராகி, பின் கணினி நூல்கள் எழுதிப் புகழ்பெற்று, 1981 ஏப்ரலில் ஆஸ்பார்ன் 1 என்னும் கணினியை அறிமுகம் செய்தார். கையில் தூக்கிச் செல்லத்தக்கதாக வணிகத்தில் வென்ற முதற்கணினி அதுவே. எடை ஏறத்தாழ 11 கிலோகிராம்; திரை 5 அங்குலம்; விலை 1,795 டாலர். தூக்கிச் சென்றவர் தோளைக் கேட்டால் வேறு சொல்லியிருக்கும் என்றாலும், எழுதவும் கணக்கிடவும் வேண்டிய மென்பொருள்களையெல்லாம் அவ்விலைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்த அவருடைய வணிக அறிவு அன்று புதிது. உச்சத்தில் ஒரு திங்களுக்கு 10,000 கணினிகள் விற்றன என்பர்.

1983 இன் தொடக்கத்தில், எக்சிகியூட்டிவ் என்னும் அடுத்த கணினி வரவிருக்கிறது என்றும் அது முன்னதைவிடப் பலவகையில் மேம்பட்டது என்றும் குழுமமே பேசத் தொடங்கியது. செய்தி விற்பனையாளர்களை எட்டியது. நல்லது வரும்போது பழையதை ஏன் வாங்கி அடுக்கவேண்டும் என்று அவர்கள் கொள்முதலை நிறுத்தினார்கள். பழைய கணினிகள் கிடங்கில் தேங்கின. புதியது கைக்கு வருமுன் கைப்பணம் தீர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் குழுமம் நொடிப்பு அறிவித்தது. அன்றுமுதல், வரவிருப்பதன் செய்தி இருப்பதன் விற்பனையைக் கொல்லும் நிகழ்வு ஆஸ்பார்ன் விளைவு எனப்படுகிறது. ஒரு பேச்சு மட்டுமே ஒரு குழுமத்தைக் கொன்றது என்பது கதைக்குப் பொருந்துமளவு கணக்குக்குப் பொருந்தாது: கேப்ரோ என்னும் போட்டிக் கணினி அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு முந்தைய ஆண்டே வந்துவிட்டது, ஐபிஎம் குழுமமும் களத்தில் இறங்கியிருந்தது. ஆயினும் நோயுற்ற உடலில் அப்பேச்சு செய்த வேலை சிறிதன்று. ஆஸ்பார்ன் 1992 இல் நலங்குன்றித் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, 2003 இல் கோடைக்கானலில் காலமானார். வெளியீட்டுக் கமுக்கத்தைப் பற்றிய வணிகப் பாடங்களில் இவர் பெயர் அடிக்கடி வரும்.

ஆஸ்பார்ன் வாயிலிருந்து வந்தது தானே திறந்த கசிவு. பிறர் திறக்கும் கசிவுகளே மிகுதி. அவற்றைத் தோன்றும் வாயிலால் பகுத்தால் மாந்தர்வழிக் கசிவு, பொருள்வழிக் கசிவு, ஏட்டுவழிக் கசிவு என மூன்றாகும். சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுவது முதலது. முன்வடிவமோ அதன் உறுப்போ வெளியாள் கையிலோ கண்ணிலோ படுவது இரண்டாவது. அரசுப் பதிவேடு, காப்புரிமை விண்ணப்பம், பொதியின் மேலொட்டிய விவரச்சீட்டு போன்றவற்றால் அறியப்படுவது மூன்றாவது.

மாந்தர்வழிக் கசிவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கமுக்கம் அறிந்த ஒருவர் ஒரு திங்களில் அதனை வெளிவிடும் நிகழ்தகவு ஆயிரத்தில் ஒன்று என்று கொள்வோம். ஆயிரத்தில் 999 பங்கு நாணயமானவர் என்பது எந்த முதலாளியும் மகிழத்தக்க நிலை. ஒருவர் காக்கும் தகவு 0.999, இருவர் காக்கும் தகவு அதன் இருபடி, நூறு பேர் ஒரு திங்கள் காக்கும் தகவு அதன் நூறாம் படி, அதாவது 0.905. ஆகவே நூறு பேர் அறிந்தால் கசியும் தகவு 9.5 விழுக்காடு, 700 பேர் அறிந்தால் 50 விழுக்காடு, 5,000 பேர் அறிந்தால் 99 விழுக்காட்டுக்கும் மேல். எவரும் தீயவராகவில்லை, தொகை மட்டுமே கூடியது.

இக்கணக்கில் காலத்தையும் சேர்த்தால் அழகியதோர் ஒழுங்கு வெளிப்படுகிறது. 700 பேர் ஒரு திங்கள் காப்பதும், 100 பேர் 7 திங்கள் காப்பதும், 7 பேர் 100 திங்கள் காப்பதும் ஒரே அளவு இடருடையவை. அறிவோர் தொகையையும் திங்கள் தொகையையும் பெருக்கி வரும் எண்ணை ஆள்திங்கள் என்று பெயரிட்டால், மேற்கூறிய நாணயமுடையோர் நடுவே ஒரு கமுக்கம் ஏறத்தாழ 700 ஆள்திங்களில் பாதி வாழ்வை இழக்கிறது. கதிரியக்கத் தனிமம் பாதியாகச் சிதையும் காலத்தை அரைவாழ்வு என்கிறோமே, அதே கணக்கியல் வடிவம் இது. அங்கே அணுக்கரு, இங்கே நாக்கு. அயர்லாந்துப் பிறப்பினரான இயற்பியலாளர் டேவிட் ராபர்ட் கிரைம்சு 2016 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வடிவத்தைச் சார்ந்ததே. உண்மையில் நெடுங்காலம் மறைக்கப்பட்டுப் பின் வெளிப்பட்ட நிகழ்ச்சிகளை அளவையாக வைத்து, ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டில் கசியும் தகவு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 4 என்று அவர் கணித்தார். அது மிக உயர்ந்த கட்டுப்பாட்டின் அளவு. வணிகக் குழுமம் எதுவும் அதனை எதிர்பார்க்கவியலாது. இக்கணக்கு, ஒருவர் கசியவிடுவது மற்றவரைச் சாராது என்று கொள்கிறது என்பதையும் மறத்தலாகாது. உணவுக்கூடத்தில் ஒரே மேசையில் அமர்வோர் ஒருவரையொருவர் சாராதவர் அல்லர்.

ஆகவே மறைப்போர் செய்யும் முதல் வேலை, அறிவோர் தொகையைக் குறைத்தல். இதன் உயர்ந்த எடுத்துக்காட்டு வணிகத்தில் இல்லை, பொக்ரானில் இருக்கிறது. 1995 டிசம்பரில் அங்கே நடந்த ஆயத்தங்களை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுவிட்டன; வெடிப்பாய்வு கைவிடப்பட்டது. 1998 மே 11, 13 நாள்களில் ஐந்து வெடிப்புகள் நிகழ்ந்தபோதோ எந்தக் கண்ணும் முன்னறியவில்லை. இராமேசுவரத்து அப்துல் கலாமும், சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்ற இரா. சிதம்பரமும் படைத்தலைவர் உடையில் வேற்றுப் பெயர்களோடு அங்கே நடமாடினர். செயற்கைக்கோள் தலைக்குமேல் வரும் நேரம் அதன் சுற்றுப்பாதையால் முன்னமே கணிக்கத்தக்கது. எனவே வேலை பெரும்பாலும் இரவில் நடந்தது, விடியுமுன் பொறிகள் மீண்டும் பழைய இடத்திலேயே நிறுத்தப்பட்டன. பார்ப்பவனின் ஒழுங்கை அறிந்தால் அவ்வொழுங்கின் இடைவெளியில் வேலை செய்யலாம் என்பதே அங்குக் கையாளப்பட்ட கொள்கை.

தொகையைக் குறைக்க இயலாதபோது செய்யும் இரண்டாம் வேலை, கமுக்கத்தையே பகுத்தல். திரை செய்வோர் திரையை மட்டும் அறிவர்; ஒளிப்படக் கண்ணாடி அமைப்போர் அதனை மட்டும் அறிவர்; முழுவடிவம் ஒருசிலர் முன்னரே ஒன்றுகூடும். இப்பகுப்பின் அறிவியலை விளக்க நொச்சிக்குப்பத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே கடலை ஒட்டிய அக்குப்பத்திலிருந்து படகேறுவோருக்கு வேண்டிய அறிவுகளுள் ஒன்று, கடலடிப் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது என்பது. மீனவர் அதனைப் பார் என்பர். பாரில் மீன் தங்கும், மணலில் தங்காது. பத்துப் பாகமோ இருபது பாகமோ ஆழத்தில் கிடக்கும் பாருக்கு மேலே நீர்ப்பரப்பில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் கரையில் உண்டு. கலங்கரை விளக்கம் அதற்குப் பின்னாலுள்ள ஓர் உயர்ந்த கட்டடத்தை மறைக்கும்படி நின்றால் படகு ஒரு நேர்கோட்டின்மேல் இருக்கிறது. சாந்தோம் தேவாலயக் கோபுரம் வேறொரு கட்டடத்தோடு ஒன்றி நிற்கும்போது படகு மற்றொரு நேர்கோட்டின்மேல் இருக்கிறது. இரண்டும் ஒருசேர அமையும் புள்ளி கடலில் ஒன்றே ஒன்று. அங்கே கல்லை இறக்கினால் பார். கோடுகள் செங்கோணத்தை நெருங்கி வெட்டினால் பிழை சிறிது. ஒன்றையொன்று உரசுவதுபோல் சாய்வாக வெட்டினால் பிழை பெரிது. கரையடையாளம் வைத்துத் தொழில் செய்து பழகியவர் இதனை வரைகணக்கியல் படிக்காமலே அறிவார்.

ஒரு கோட்டை ஒருவரும் மற்றதை மற்றொருவரும் அறிந்திருந்தால் என்ன ஆகும்? முதலாமவர் அறிவது, பார் இக்கோட்டின்மேல் எங்கோ இருக்கிறது என்பதே. கோட்டிலோ எண்ணிலாப் புள்ளிகள். இருவரும் ஒரே படகில் சென்றாலன்றிப் பார் அகப்படாது. 1979 இல் அமெரிக்கக் கணக்கியலாளர் ஜார்ஜ் பிளேக்லி, ஒரு கமுக்கத்தைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தபோது எடுத்துக்கொண்டது இதே வடிவம்: கமுக்கம் ஒரு புள்ளி, ஒவ்வொருவர் பங்கும் அதன்வழிச் செல்லும் ஒரு தளம், வேண்டிய தொகையினர் கூடித் தம் தளங்களை வெட்டச்செய்தால் புள்ளி கிடைக்கும். அதே ஆண்டில் இசுரேலியரான ஆதி ஷமீர் வேறுவழியாக இதே முடிவுக்கு வந்தார். அவர் முறை இன்னும் இறுக்கமானது: கோடறிந்த மீனவர் கடல் முழுதையும் தேடவேண்டியதில்லை, ஒரு கோட்டைத் தேடினால் போதும், ஷமீர் முறையிலோ வேண்டிய தொகைக்கு ஒருவர் குறைந்தாலும் கூடியிருப்போர் அறிவது ஒன்றுமே இல்லை. இன்று ஒரு குழுமத்தின் முதன்மைத் திறவெண்ணை ஐவரிடம் பகிர்ந்து, எவரேனும் மூவர் கூடினால் மட்டுமே திறக்கும்படி அமைப்பது இவ்வழியில்தான்.

அதே கரையில் கற்கத்தக்க மற்றொன்றும் உண்டு. கரையடையாளத்தைப் பிறனுக்குக் கற்பிக்க அவனைப் படகில் ஏற்றிச் சென்று, கண்ணுக்குக் காட்டி, நீரோட்டம் இழுக்கும்போது படகை நிறுத்தும் பக்குவத்தையும் பழக்கவேண்டும். இப்போது செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் கருவி கையடக்கமாக வந்துவிட்டது. அகலாங்கும் நெட்டாங்கும் பாகையில் நான்கு பதின்மத் தானம்வரை குறித்தால், ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடம் அகப்படும். சென்னைக் கடலில் அதற்கு வேண்டுவன மொத்தம் 12 இலக்கங்கள். ஒருவர் வாழ்நாள் அறிவு பன்னிரண்டு இலக்கமாகச் சுருங்கி ஒரு சீட்டில் ஏறிவிட்டால், அதைக் களவாட ஒரு நொடிப் பார்வை போதும். உடலில் ஊறிய அறிவு மெல்லக் கசியும். எண்ணாகிய அறிவு கசியும்போது முழுதாகக் கசியும். நுட்பியல் குழுமங்களின் இடர் முழுதும் இவ்வொரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. பொறியாளரின் கைத்திறனைத் திருட முடியாது. அவர் வரைந்த முப்பருமானக் கோப்பைத் திருட முடியும்.

இனிப் பொருள்வழிக் கசிவு. 2010 இல் ஆப்பிள் குழுமத்தின் பொறியாளர் ஒருவர் கலிபோர்னியாவில் மதுக்கடை ஒன்றில் மறந்து விட்டுச்சென்ற கைப்பேசி, பழைய மாதிரியின் உறைக்குள் ஒளித்துவைத்த ஐபோன் 4 இன் முன்வடிவமாக இருந்தது. கண்டெடுத்தவரிடம் அதனைக் கிஸ்மோடோ என்னும் இணைய இதழ் 5,000 டாலருக்கு வாங்கிப் பிரித்துப் படமெடுத்து ஏப்ரலில் வெளியிட்டது. குழுமம் அக்கருவியை அறிவித்தது சூன் 7 இல். புற உறை ஒன்றால் கண்ணை ஏமாற்றலாம், கையை ஏமாற்ற முடியாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

ஆயினும் இத்தகைய மறதி அரிது. தொழிற்சாலை வாயிலே பெரிது. 2017 இல் அதே குழுமத்தின் காவற்பிரிவு தன் பணியாளர்க்கு அளித்த விளக்கவுரை ஒன்றில் எண்கள் சில கூறப்பட்டன. 2014 இல் தொழிற்சாலைகளிலிருந்து களவுபோன புறக்கூடுகள் 387. 2015 இல் 57. 2016 இல் 6.5 கோடிக் கூடுகள் உருவாக, களவுபோனவை 4. அதாவது ஏறத்தாழ 1.6 கோடிக்கு ஒன்று. வியக்கத்தக்க ஒழுங்குதான். இவ்வெண்களை நாம் எவ்வாறு அறிகிறோம் என்றால், கசிவைத் தடுப்பது எப்படி என்னும் அவ்விளக்கவுரையின் ஒலிப்பதிவே கசிந்துவிட்டது. தொழிலாளரைவிடத் தலைமையகத்தாரே மிகுதியாகக் கசியவிட்டனர் என்பதும் அவ்வுரையில் இருந்த ஒரு செய்தி. தொழிற்சாலை வாயிலில் சோதனை வரிசையில் நிற்போர் யார் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தல் தகும்.

இது நமக்குத் தொலைவிலுள்ள செய்தி அன்று. சென்னைக்கு மேற்கே சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலை ஐபோன்களைக் கோக்கிறது. முன்பெல்லாம் புதிய மாதிரி சீனத்தில் உருவாகத் தொடங்கிப் பல திங்கள் கழிந்தே இங்கே உருவாகும். உலகறிந்த பொருளுக்குக் காவல் வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 7 இல் ஐபோன் 14 அறிவிக்கப்பட, அதே திங்கள் முடியுமுன் அது தமிழ்நாட்டில் உருவாவதாகக் குழுமம் அறிவித்தது. 2023 இல் ஐபோன் 15 க்கு வெளியீட்டுக்கு முன்பே இங்கு வேலை தொடங்கிவிட்டது. இடைவெளி சுருங்கச் சுருங்க, இங்குள்ள தொழிற்கூடமும் கமுக்கத்தின் எல்லைக்குள் வந்தது. 2022 ஆகஸ்டில் புளூம்பர்க் வெளியிட்ட செய்தியில் இதைப்பற்றி ஒரு நுட்பமான குறிப்பு இருந்தது: சென்னைக்கு அருகே சீனத்தைப் போன்ற மூடிய கூடங்களை அமைக்க முடியுமா என்று ஆராய்ந்தவர்கள், இறக்குமதிப் பொதிகளைத் திறந்து பார்க்கும் நம் சுங்க அலுவலரின் வழக்கத்தையும் ஓர் இடராக எண்ணினராம். கடமை தவறாத அலுவலர் ஒருவர் தம் கடமையாலேயே கசிவுக்கு வாயிலாகலாம் என்பது இத்துறையின் விந்தைகளுள் ஒன்று.

கசிந்தபின் யாரால் கசிந்தது என்று காண்பதற்கும் கணக்கு உதவுகிறது. ஒரே ஆவணத்தை ஒவ்வொருவருக்கும் சிறு வேறுபாட்டோடு கொடுத்தால், வெளிவந்த படியைக் கொண்டு வெளிவிட்டவரை அறியலாம். இதனை மாறுபடிப் பொறி என்போம். 2008 இல் டெஸ்லா குழுமத்தில் கசிவைக் கண்டறிய, ஒத்த மின்னஞ்சல்களில் சொற்றொடர்களுக்கிடையே ஓரிடமோ ஈரிடமோ வெற்றிடம் விட்டு இருமக் குறி அமைத்ததாக ஈலான் மஸ்க் பின்னாளில் கூறினார். ஒவ்வோர் இடமும் இரண்டில் ஒன்று. பத்து இடங்கள் இருந்தால் 1,024 வேறு படிகள். பதின்மூன்று இடங்களில் 8,192. தமிழுக்கு வெற்றிடமும் வேண்டியதில்லை. "அடுத்த கிழமை அமைச்சர் கூடத்தைப் பார்வையிடுவார்" என்பதும் "அமைச்சர் அடுத்த கிழமை கூடத்தைப் பார்வையிடுவார்" என்பதும் பொருளால் ஒன்றே, எவர் கண்ணையும் உறுத்தாதவை. சொல் இடம்பெயர்ந்தாலும் வேற்றுமை உருபு பொருளைக் காப்பதால், பத்து வரிக் கடிதம் ஒன்றிலேயே ஆயிரவரைப் பிரித்தறியும் குறியைப் பொதிந்துவிடலாம். வண்ண அச்சுப்பொறிகளும் இவ்வேலையைச் சொல்லாமல் செய்துவந்தன: 2005 இல் அமெரிக்க மின்னணு உரிமை அமைப்பு ஒன்று, செராக்சு பொறியின் தாள்களில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத மஞ்சட் புள்ளிகள் 15க்கு 8 என்னும் கட்டத்தில் அமைந்து, அச்சிட்ட நாளையும் நேரத்தையும் பொறியின் எண்ணையும் குறிப்பதைக் கண்டறிந்தது. வெள்ளைத் தாளில் மஞ்சள் மறையும். நீல ஒளியில் கருமையாகித் தோன்றும்.

இப்பொறியை வெல்லும் வழியும் உண்டு. இருவர் தம் படிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் வேறுபடும் இடங்கள் வெளிப்படும்; அவ்விடங்களைக் கலந்து மூன்றாவது படி ஒன்றை ஆக்கினால் குற்றம் மற்றொருவர்மேல் விழலாம். கூடிச் சதிசெய்வோரையும் தப்பவிடாத குறிகளை டான் போனே, ஜேம்சு ஷா இருவர் 1990களில் வகுத்தனர். 2003 இல் அங்கேரியரான காபோர் டார்தோசு அவற்றின் நீளத்தைப் பெரிதும் குறைத்தார். அவர் கண்ட ஒழுங்கு இது: சதிகாரர் தொகை இருமடங்கானால் குறியின் நீளம் நான்கு மடங்காகவேண்டும், மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. அதனினும் குறைந்த நீளத்தில் செய்யமுடியாது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது.

மகிழுந்துக்கு மூடிய கூடம் போதாது. அது பொதுச்சாலையில் வெயிலிலும் மழையிலும் ஓடிப் பழகவேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் ஊர்ச் சாலைகளில், கருப்பும் வெள்ளையுமாகச் சுழல்கோலம் போர்த்திய வண்டிகளைப் பலரும் கண்டிருப்பர். கண்டதும் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிப்பது இங்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மறைக்க விரும்புவோர் ஏன் இத்தனை பகட்டாகப் போர்த்துகிறார்கள் என்னும் வினா இயல்பானது. தகட்டின் வளைவை நம் கண் அறிவது, ஒளி மெல்ல நிழலாக மாறும் படிநிலையால். அப்பரப்பின்மேல் கூர்மையான கருப்பு வெள்ளை எல்லைகளைத் தாறுமாறாக வரைந்தால், பொய்யான விளிம்புகளின் வன்மையில் மெய்யான வளைவின் மென்மை அமுங்கிவிடும். ஒளிப்படத்தில் தட்டையாக்கப்படும்போது இவ்விளைவு இன்னும் மிகும். முதல் உலகப் போரில் 1917 இல் பிரித்தானிய ஓவியர் நார்மன் வில்கின்சன் கப்பல்களுக்கு வகுத்த பூச்சு இதன் முன்னோடி; கப்பலை மறைப்பது அதன் நோக்கமன்று, அது எத்திசையில் செல்கிறது என்று நீர்மூழ்கியிலிருந்து குறிபார்ப்பவன் தவறாகக் கணிக்கச் செய்வதே நோக்கம். கோலத்தால் மறையாதது ஒன்றுண்டு: வானப் பின்னணியில் தெரியும் வெளிவரை. அதனால்தான் போர்வைக்குள் பஞ்சுப்பட்டைகளையும் பொய்க் கூடுகளையும் வைத்துக் கட்டுகிறார்கள்.

ஏட்டுவழிக் கசிவு எல்லாவற்றிலும் அமைதியானது, சட்டப்படியானது. மின்னணுக் கருவிகளை விற்குமுன் இந்தியத் தரநிலைகள் பணியகத்தில் பதிவு செய்யவேண்டும் என்று 2012 இல் ஆணை வந்தது. பதிவுப் பட்டியல் எவரும் காணத்தக்கது. ஆகவே வெளிவராத கைப்பேசியின் மாதிரி எண் அங்கே முதலில் தோன்றுகிறது, அதைத் தேடிப்பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். காப்புரிமையும் இவ்வாறே. கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஒருவர் விண்ணப்பம் இட்டால், பொதுவாக 18 திங்கள் அது மூடியிருக்கும், பின்னர் வெளியிடப்படும். அரசே கமுக்கத்துக்கு ஒரு காலவரையறை வகுத்து, அதற்கு ஈடாக உரிமை தருகிறது. முன்னதாக விண்ணப்பித்தால் முந்தியவர் என்னும் நாள் கிடைக்கும், ஆனால் 18 திங்கள் கடிகாரமும் அன்றே ஓடத் தொடங்கும். காத்திருந்து விண்ணப்பித்தால் கடிகாரம் ஓடாது, ஆனால் அதற்குள் கசிந்துவிட்டால் புதுமை என்னும் தகுதியே ஐயத்துக்குள்ளாகும். எந்நாளில் விண்ணப்பிப்பது என்று குழுமத்தின் சட்டப்பிரிவும் பொறியாளரும் வாதிடுவது மேலே கண்ட ஆள்திங்கள் கணக்கைப் பற்றியே, அவர்கள் அப்பெயரால் அதனை அழைக்காவிட்டாலும்.

சொல்லாமலே முந்தியவர் என்று நிறுவ முடியுமா என்பதும் பழைய வினா. 1610 இல் கலிலியோ, தொலைநோக்கியில் காரிக்கோளின் இருபுறமும் ஏதோ ஒட்டிநிற்பதைக் கண்டபோது, அதனை ஒரு வரியாக எழுதி எழுத்துகளைக் குலைத்துக் கெப்ளர் உள்ளிட்டோருக்கு அனுப்பினார். 1676 இல் இராபர்ட் ஊக்கு, சுருள்வில்லின் நீட்சி இழுவிசைக்கேற்ப அமையும் என்னும் தம் நெறியை எழுத்துக்குலைவாக அச்சிட்டு, 1678 இல் அவிழ்த்துக் காட்டினார். இன்று அவ்வேலையைப் பிழிவுக்குறி செய்கிறது: எத்தனை பெரிய கோப்பையும் ஷா-256 என்னும் முறையில் பிழிந்தால் 256 இருமத் துணுக்குகள் கொண்ட எண் ஒன்று கிடைக்கும். எண்ணிலிருந்து கோப்பை மீட்கவியலாது; கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஏறத்தாழப் பாதித் துணுக்குகள் மாறிவிடும். வடிவமைப்புக் கோப்பின் பிழிவுக்குறியை மட்டும் இன்று வெளியிட்டு வைத்தால், கோப்பு இன்று இருந்தது என்பதை நாளை எவர்முன்னும் காட்டலாம், இன்று எவருக்கும் காட்டாமல்.

நம் காப்புரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு பயன் இருக்கிறது. கண்டுபிடித்தவரிடமிருந்து பெற்ற செய்தியை அவர் இசைவின்றிப் பிறர் வெளியிட்டுவிட்டால், அறிந்தபின் இயன்ற விரைவில் அவர் விண்ணப்பித்தாரென்றால், அவ்வெளியீடு மட்டுமே அவர் உரிமையைக் கெடுக்காது என்று 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29 ஆம் பிரிவு இடந்தருகிறது. செய்தி தம்மிடமிருந்தே போயிற்று என்று மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. வணிகக் கமுக்கத்தைக் காக்கத் தனிச்சட்டமோ இந்தியாவில் இதுவரை இயற்றப்படவில்லை. சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் அளித்த 289 ஆம் அறிக்கையில் அதனைப் பரிந்துரைத்திருக்கிறது. அதுவரை, களவுபோன கோப்புக்காக வழக்குமன்றம் செல்லும் பொறியாளரின் கையில் இருப்பவை பணியில் சேரும்போது ஒப்பமிட்ட ஒப்பந்தமும், நாளிட்டு வைத்த குறிப்பேடும், அறிவுள்ளவராயின் ஒரு பிழிவுக்குறியும்.